அப்பாவின் கிழங்குப் பரீட்சை

குசினி யன்னல் விளிம்பில் ஆறு சின்னப் போத்தல்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் என் அப்போதைய உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. காலை வெயில் அவற்றுக்குள்ளால் வந்து எதிர்ச்சுவரில் பச்சையும் மஞ்சளும் கலந்த ஆறு வெளிச்சங்களை விழுத்தியது. எல்லாம் ஒலிவ் எண்ணெய். எங்கள் பக்கத்தில் அந்த எண்ணெயை அந்நாளில் யாரும் சமையலுக்கு வாங்குவதில்லை. பிறந்த குழந்தைக்குப் பூசிக் குளிக்கவார்க்க மருந்துக்கடையில் ஒரு போத்தல் வாங்குவார்கள். அது பிள்ளை தவழும்வரை வரும். அப்பா ஒரே தரத்தில் ஆறு கேட்டிருக்கிறார். மருந்துக்கடைக்காரர் நிமிர்ந்து பார்த்து, “என்னண்ணை, இரட்டைப் பிள்ளையளோ?” என்று கேட்டாராம். “இல்லை, கிழங்குக்கு” என்றாராம் அப்பா. கடைக்காரர் அப்பாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போத்தல்களைக் கடதாசியில் சுற்றிக் கொடுத்தாராம்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. சொந்த ஊர் மயிலிட்டி என்றாலும் யுத்தத்தால் அங்கே போக முடியாத காலம் அது. உடுவிலில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா கிரேக்கக்காரர் ஒருவரின் சரக்குக் கப்பலில் வேலை செய்தார். பத்து மாதம் கடலில், இரண்டு மாதம் வீட்டில். அவர் வந்திறங்கும் நாளில் நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்ப்பேன். மூன்றாம் நாள்தான் பக்கத்தில் போவேன். ஒரு கிழமை முடிவதற்குள் முதுகில் ஏறியிருப்பேன். அதற்குப் பிறகு பயம் தொடங்கிவிடும். அவர் புறப்படும் திகதியைச் சுற்றி அம்மா கலண்டரில் ஒரு வட்டம் போட்டிருப்பார். அந்தச் சுவரைப் பார்க்காமலே வீட்டுக்குள் நடமாட நான் பழகியிருந்தேன்.

அந்த வருடம் அவர் நொண்டிக்கொண்டு வந்தார். கப்பலின் இரும்பு ஏணியில் வழுக்கி விழுந்து வலது முழங்கால் பழுதாகியிருந்தது. நடக்கலாம், நிற்கலாம், ஏணி ஏற முடியாது. ஏணி ஏற முடியாதவருக்குக் கப்பல் தளத்தில் வேலை இல்லை. ஆனால் தலைமைச் சமையற்காரர், அப்பா ‘பெரியவர்’ என்று சொல்லும் ஒரு வயதான கிரேக்கர், தன்னுடைய குசினிக்கு ஓர் ஆள் தேவை என்று கப்டனிடம் கதைத்து ஒரு வழி வைத்திருந்தார். லீவு முடிந்து திரும்பும் முதல் ஞாயிற்றுக்கிழமை அப்பா இருபத்திரண்டு பேருக்குத் தனியாகக் கிழங்கு செய்ய வேண்டும். ஞாயிறுதோறும் அந்தக் கப்பலில் இறைச்சியோடு வரும் உருளைக்கிழங்கு அது. தேசிக்காய்ப் புளியும் ஒலிவ் எண்ணெயும் வெள்ளுள்ளியும் சேர்த்து, பாண் சுடுவதுபோலப் போறணையில் வாட்டுவது. பெரியவர் ருசி பார்ப்பார். சரியென்றால் அப்பா உதவிச் சமையற்காரர். சரியில்லையென்றால் அடுத்த துறைமுகத்தில் இறக்கி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அதுவரை அப்பா தனக்கு ஒரு தேத்தண்ணிகூடப் போட்டுக் குடித்தவரில்லை.

“செய்யிற முறையைக் கேட்டுக்கொண்டு வந்திருக்கலாமேயப்பா” என்றார் அம்மா.

“கேட்டனான். கிழங்கு, எண்ணெய், புளி, பொறுமை எண்டு சொன்னவர்.”

“பொறுமை எத்தினை கரண்டியாம்?”

அப்பா எட்டு வருடம் அந்தக் கிழங்கைச் சாப்பிட்டிருந்தார். ருசி தெரியும், வழி தெரியாது. போதாக்குறைக்கு எனக்கும் அந்த வருடம் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை. அம்மா இரண்டு பேருக்கும் ஒரே நேரசூசி போட்டார். காலையில் எனக்குக் கணக்கு, அப்பாவுக்குக் கிழங்கு. நான் பின்னங்களைச் சுருக்கிக்கொண்டிருக்க, பக்கத்தில் அப்பா பலகைக்கட்டையில் இருந்து, பழுதான காலை நேரே நீட்டிக்கொண்டு கிழங்கு உரிப்பார். ஒரு கிழங்கு அவர் கையால் வெளியே வரும்போது தேசிக்காயளவுதான் மிஞ்சும். “தோலைக் கறிக்கு எடுப்பம், கிழங்கை மாட்டுக்குப் போடுவம்” என்று அம்மா சிரிப்பார். நாங்கள் மூன்று பேரும் ஒரே அறையில் இருந்து ஒரே நேரத்தில் படித்த அந்தக் காலைகளைப்போல ஒரு சந்தோசம் எனக்குப் பள்ளிக்கூட வாழ்க்கையில் பிறகு வரவில்லை.

முதல் கிழங்கு தாச்சியில் செய்யப்பட்டது. அப்பா எண்ணெயை விட்டு, உள்ளியைத் தட்டிப் போட்டு, கிழங்கைக் கொட்டிவிட்டுத் தேசிக்காய் பிழியத் திரும்பியிருக்கிறார். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் தாச்சிக்குள் கடுகு வெடித்தது. பிறகு கறிவேப்பிலை. பிறகு ஒரு கரண்டி மிளகாய்த்தூள். அப்பா திரும்பிப் பார்த்தபோது அது எங்கள் வீட்டு வழமையான கிழங்குப் பிரட்டலாகிவிட்டிருந்தது.

“இஞ்சேரப்பா, என்ன வேலை செய்தனீ?”

“நான் எங்கை செய்தனான்? கை தன்ரை பாட்டிலை போட்டிட்டுது” என்று அம்மா கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அன்று மத்தியானம் எல்லோரும் நல்லாகச் சாப்பிட்டோம். கிழங்கு பரீட்சையில் பெயில்.

அந்தத் தோல்விதான் எனக்கு ஒரு பதவியைக் கொண்டுவந்தது. நான் உறைப்புத் தின்னாத பிள்ளை. அம்மா எனக்கு மட்டும் கறித்துண்டுகளை வெந்நீரில் அலசித் தருவார். சொந்தக்காரர் வந்தால் அது ஒரு கதையாக ஓடும்: “ஒன்பது வயதாச்சு, இன்னும் கழுவித்தான் தின்னுறாள்.” அப்பாவின் நாக்கோ வீட்டுக்கு வந்த இரண்டு கிழமையில் அம்மாவின் மீன்குழம்பில் ஊறிப்போயிருந்தது. எதைச் சாப்பிட்டாலும் உப்புச்சப்பில்லை என்றது. அவர் என்னைக் கூப்பிட்டு முன்னால் இருத்தினார். “எங்கடை வீட்டிலை கிரேக்கன்ரை நாக்கு உனக்குத்தான் இருக்கு, குஞ்சு. நீதான் பெரியவர்.” பெரியவர் கேட்கும் மூன்று கேள்விகளையும் சொல்லித் தந்தார். வெளி மொறுமொறுப்போ? உள்ளே வெண்ணெய்போல இருக்கிறதோ? வாயில் முதலில் வருவது உப்போ, புளியோ? உப்பு முதலில் வரவேண்டும், புளி கடைசியில்தான் வரவேண்டும். என்னைக் குறையாகச் சொல்லிவந்த விசயத்தை ஒரு பெரிய மனிதர் தகுதியாக எடுத்துக்கொண்டது அதுதான் முதல்தரம். நான் நிமிர்ந்து இருந்தேன்.

கப்பலில் அந்தக் கிழங்குக்கு மேல் ஒரு காய்ந்த இலைத்தூள் தூவுவார்களாம். றீகனி என்று பெயர். அது யாழ்ப்பாணத்துக் கடை எதிலும் இல்லை. மணத்தை விளங்கப்படுத்த அப்பா பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். “ஓமம் மாதிரி, ஆனா ஓமமில்லை. மலைப்பக்கம் மாதிரி. மருந்து மாதிரி.” அந்தக் கிழமை எனக்கு இருமல். அம்மா வேலியோரச் சாடியில் நின்ற கற்பூரவள்ளி இலையை அடுப்புத் தணலில் வாட்டிப் பிழிந்து, தேனில் குழைத்துக்கொண்டு வந்தார். அப்பா எழும்பினார். காலின் நோவையும் மறந்து இரண்டு எட்டில் வந்து, என் வாய்க்குப் போகவிருந்த கரண்டியை மணந்து பார்த்தார். “உதுதான்! உதேதான்! என்ன இலை உது?” அம்மா கரண்டியைப் பறித்து எனக்குப் பருக்கிவிட்டுத்தான் பதில் சொன்னார். அன்று பின்னேரமே கற்பூரவள்ளி சுளகில் பரவி வெயிலுக்குப் போனது.

இரண்டாவது கிழங்கை, போறணையில்லாத வீடுகளில் எங்கள் ஆட்கள் கேக் சுடும் முறையில் செய்தோம். பெரிய சட்டிக்குள் மணல், மணலுக்கு மேல் கிழங்குத் தட்டு, சட்டியை மூடித் தகர மூடிமேல் சிரட்டைத் தணல். கீழும் நெருப்பு, மேலும் நெருப்பு. அப்பா விசிறிக்கொண்டே இருந்தார். மூடியைத் திறந்தபோது ஒரு தணல் உள்ளே விழுந்து சீறியது. நான் ஒரு துண்டை எடுத்துக் கடித்தேன். மூன்று கேள்விகளையும் மனதுக்குள் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டேன்.

“மேலே கரி. கீழே பச்சை. உப்பும் வரேல்லை, புளியும் வரேல்லை, சாம்பல்தான் வந்தது.”

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். “பாத்தியே, பெரியவர் இப்பிடித்தான் சொல்லுவார்” என்று அம்மாவிடம் பெருமைப்பட்டார். தோற்றதற்காக அவ்வளவு சந்தோசப்பட்ட ஒருவரை நான் அதற்குமுன் கண்டதில்லை.

அதற்கு அடுத்த நாள் மத்தியானம்தான் அவர்கள் இரண்டு பேரும் கதைத்ததைக் கேட்டேன். கிணற்றடியில் அம்மா சட்டியைச் சாம்பல் போட்டு மினுக்கிக்கொண்டிருந்தார். அப்பா தண்ணீர் அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தார். “கிழங்கு சரிவராட்டி என்ன செய்யிறது?” என்று அம்மா கேட்டார். “என்ன செய்யிறது? பிறகு இஞ்சைதான்” என்றார் அப்பா. அவர் அதைச் சந்தோசமாகச் சொல்லவில்லை. எனக்கு ‘இஞ்சைதான்’ என்ற ஒரு சொல் மட்டும்தான் காதில் விழுந்தது. கிழங்கு சரிவராவிட்டால் அப்பா இங்கேதான். கலண்டரில் வட்டம் இல்லை. கதவுக்குப் பின்னால் நின்று பார்க்கும் மூன்று நாட்கள் இல்லை. பின்னங்களைச் சுருக்கிச் சுருக்கிக் கடைசியில் ஒரு முழு எண் வந்ததைப்போல இருந்தது.

மூன்றாவது கிழங்குக்கு அப்பா சந்திப் பேக்கரிக்குப் போனார். விறகு எரித்துச் சூடாக்கும் பெரிய செங்கல் போறணை அங்கே இருந்தது. காலைப் பாண் இறக்கிய பிறகு மிச்சச் சூட்டில் தட்டை வைக்க முதலாளி சம்மதித்தார். அப்பா கிழங்கை நீட்டுவாக்கில் நான்காக வெட்டி, உப்பும் உள்ளியும் கற்பூரவள்ளித் தூளும் பிரட்டி, எண்ணெய் விட்டு, தேசிக்காய்ப் புளியில் தண்ணீர் கலந்து கிழங்கின் பாதியளவு நிற்க ஊற்றி, தட்டைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். முதலாளி நல்ல மனிதர். நல்ல மனிதர் என்பதால்தான் பிழை வந்தது. தட்டில் தண்ணீர் நிற்பதைக் கண்டு, கழுவின தண்ணீரை வடிக்க மறந்துவிட்டார்கள் என்று நினைத்து, ஒரு துளி இல்லாமல் வடித்து ஊற்றிவிட்டுப் போறணைக்குள் வைத்திருக்கிறார். அப்பா எடுக்கப் போனபோது தானாகவே சொன்னார்: “அண்ணை, தண்ணியோடை தந்திட்டியள். நான் கண்டபடியால் தப்பிச்சுது.”

புளியெல்லாம் போய்விட்டது என்று அப்பா தட்டை எட்டிப் பறித்தாராம். ஆனால் தட்டைப் பார்த்தால் கிழங்கு பொன்னிறமாக, ஓரங்கள் சிவந்து, படத்தில் வருவதுபோல இருந்தது. “ஒருவேளை இதுதான் வழியோ தெரியாது” என்று சொல்லிக்கொண்டே சைக்கிள் கரியரில் கட்டிக் கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்தார்.

நான் ஒரு துண்டைக் கடித்தேன். வெளி மொறுமொறுப்புத்தான். உள்ளே புழுதி. பல்லில் மாவாக ஒட்டியது. புளி என்ற ஒன்று அந்தக் கிழங்கின் பக்கமே வந்திருக்கவில்லை. தன் நாக்கை நம்பாத அப்பா, தான் ஒரு துண்டும் எடுக்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். விழுங்குவதற்கு எடுத்த நேரத்துக்குள் நான் முடிவெடுத்துவிட்டேன்.

“நல்லாயிருக்கு அப்பா.”

“உப்பு முதல் வந்ததோ?”

“ஓம்.”

“புளி கடைசியா?”

“ஓம். கடைசியா.”

அப்பா அம்மாவுக்கும் ஒரு துண்டைக் கொடுத்தார். அம்மா மென்றுகொண்டே, “ஓம், நல்லாத்தான் கிடக்கு” என்றார். அப்பா கையிரண்டையும் தட்டினார். அந்தச் சத்தத்துக்கு முற்றத்துக் கோழிகள் ஓடின. “பாஸ்!” என்று கத்தினார்.

அடுத்த ஐந்து நாட்கள் கிழங்கு உரிக்கவில்லை. அப்பா நிம்மதியாகத் திரிந்தார். காலையில் என்னைச் சைக்கிளில் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போனார். போகும் வழியெல்லாம் சீட்டியடித்தார். பெட்டியைத் துடைத்து வெயிலில் வைத்தார். நான் நினைத்தது நடந்துகொண்டிருந்தது. அவர் போவார், புழுதிக் கிழங்கைச் செய்வார், பெரியவர் சரியில்லை என்பார், அப்பா திரும்பி வந்துவிடுவார். எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் என் கணக்குகள் பிழைபிழையாக வரத் தொடங்கின. ஏழும் எட்டும் எத்தனை என்பதுகூட மறந்தது. இருபத்திரண்டு பேர் ஒரு மேசையைச் சுற்றி இருந்துகொண்டு அப்பாவைப் பார்த்துச் சிரிப்பதுபோல ஒரு படம் எப்போதும் கண்ணுக்குள் நின்றது. ‘ஆர் உனக்கு உப்பிடிச் சொல்லித் தந்தது?’ என்று பெரியவர் கேட்கிறார். ‘என்ரை மகள்’ என்கிறார் அப்பா.

ஆறாம் நாள் அவர் என் பழைய கொப்பியில் ஒரு நல்ல ஒற்றையைக் கிழித்தெடுத்து, செய்முறையை நல்லெழுத்தில் எழுதினார். கிழங்கு இத்தனை, எண்ணெய் இத்தனை, தண்ணீர் வடிக்கவும். எழுதி முடித்து அடியில் கோடு போட்டு, ‘ருசி பார்த்துச் சரியெனக் கண்டவர்’ என்று எழுதி, பேனையை என்னிடம் நீட்டினார். அந்த மாதம்தான் நான் ஒரு கையெழுத்துப் பழகியிருந்தேன். முதல் எழுத்துக்கு ஒரு வால், கடைசி எழுத்துக்குக் கீழே இரண்டு புள்ளி. கொப்பி மட்டைகளிலெல்லாம் போட்டுப் போட்டுப் பார்த்திருந்தேன். உண்மையான கடதாசி ஒன்றில் போடச் சொல்லி யாரும் அதுவரை கேட்டதில்லை. பேனையை வாங்கினேன். ஒற்றையைப் பார்த்தேன். போட முடியவில்லை.

“அப்பா, எனக்கு அந்தக் கிழங்கு இன்னொருக்கா வேணும்.”

“ஏன், என்ன பிழையோ?”

உண்மையைச் சொல்ல அதுதான் இடம். வாய் வரைக்கும் வந்தது. “இல்லை. ஆசையாக்கிடக்கு. அந்தத் தேசிக்காய்த் தண்ணியை வடிக்காமல் ஒருக்காச் செய்து தாங்கோ. எப்பிடியிருக்குமெண்டு பாக்கோணும்.”

அப்பாவின் முகம் மலர்ந்ததைச் சொல்ல எனக்குச் சரியான சொல் இல்லை. “கேட்டியே!” என்று குசினிப்பக்கம் திரும்பிக் கத்தினார். “பிள்ளைக்கு என்ரை கிழங்கிலை ஆசை பிடிச்சிட்டுது!”

நான்காவது தட்டோடு அப்பா பேக்கரியை விட்டு அசையவில்லை. நானும் கூடப் போனேன். போறணை வாய்க்கு எதிரே மாச்சாக்கு ஒன்றின் மேல் அப்பா காலை நீட்டிக்கொண்டு காவல் இருந்தார். முதலாளி தட்டைத் தொடும்போதெல்லாம், “தண்ணி! தண்ணி!” என்றார். “தண்ணிக்குள்ளை கிழங்கு வாட்டுறதை என்ரை சீவியத்திலை காணேல்லை, அண்ணை. இது அவியலோ, வாட்டலோ?” என்று முதலாளி கேட்டார். “ரெண்டும்தான். முதல் அவியும், பிறகு வாடும்” என்றார் அப்பா. சொல்லிவிட்டுத் தானே திகைத்து என்னைப் பார்த்தார். எட்டு வருடம் சாப்பிட்ட ருசியின் வழி அந்த வாக்கியத்துக்குள்தான் இருந்தது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆனது. தண்ணீர் மெல்ல மெல்லக் கிழங்குக்குள் இறங்கியது. கடைசியில் தட்டில் எண்ணெய் மட்டும் நின்று பொரிந்தது. தேசிக்காயும் உள்ளியும் கற்பூரவள்ளியும் கலந்த ஒரு மணம் பாண் மணத்தைத் தள்ளிக்கொண்டு சந்திவரைக்கும் போனது.

அங்கேயே, சுடச்சுட, ஒரு துண்டை ஊதி ஊதித் தந்தார். ஓரம் நொறுங்கியது. பிறகு பல் தேவைப்படவில்லை. உப்பு முதலில் வந்தது. உள்ளி வந்தது. விழுங்கிய பிறகுதான், நாக்கின் இரண்டு கரையிலும், புளி மெல்ல எழும்பி வந்தது. என் கண்ணில் நீர் வந்துவிட்டது. “சுட்டுப்போட்டுதோ?” என்று அப்பா பதறினார். நான் ஓமென்று தலையாட்டினேன். அவரைக் கப்பல் திருப்பி அனுப்பாது என்று எனக்கு அந்த நிமிடத்தில் தெரிந்துவிட்டது. ஆனாலும் இன்னொரு துண்டுக்குக் கை நீட்டினேன். முதலாளியும் ஒன்றை எடுத்துத் தின்றுவிட்டு, “உதை மாலையிலை வித்தால் பாணை ஆரும் வாங்காங்கள்” என்றார். வீட்டுக்கு வந்து, ‘தண்ணீர் வடிக்கவும்’ என்பதை நானே வெட்டி, ‘வடிக்கக்கூடாது’ என்று எழுதி, வாலும் புள்ளியும் வைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

அப்பா புறப்பட்டுப் பதினெட்டு நாட்களுக்குப் பிறகு, பள்ளிக்கூடம் விட்டு வந்த நேரம், வீட்டுக்காரரின் போனில் அழைப்பு வந்தது. நானும் அம்மாவும் ஓடினோம். பெயர் விளங்காத ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து பேசினார். இரைச்சலுக்குள் அவருடைய குரல் வந்து வந்து போனது.

“பெரியவர் என்ன சொன்னவர்?” என்று அம்மா கத்தினார்.

“ஒண்டும் சொல்லேல்லை. தட்டை வழிச்சுத் திண்டிட்டு, எழும்பிப்போய் ஒரு ஏப்ரனைக் கொண்டந்து என்ரை கழுத்திலை மாட்டிவிட்டவர்!”

அம்மா போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு சிரித்தார். அதற்குள் போன் அறுந்துவிட்டது.

பிறகு பதின்மூன்று வருடம் அப்பா கப்பல் குசினியில் வேலை செய்தார். இப்போது மயிலிட்டியில், திரும்பக் கிடைத்த காணியில் ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டு அம்மாவோடு இருக்கிறார். நான் கலியாணம் முடித்துக் கொக்குவிலில் இருக்கிறேன். எனக்கு நான்கு வயதில் ஒரு மகள். அவளுடைய ஒவ்வொரு பிடி சோற்றையும் நான் யோசித்துத்தான் போடுகிறேன். கிளினிக் கொப்பியில் அவளுடைய நிறைக்கோடு ஒரு மாதம் கொஞ்சம் சரிந்ததிலிருந்து எனக்கு எதிலும் நிச்சயம் இல்லை. உப்புக் கூடினால் கூடாது என்று போனில் வாசிப்பேன். குறைந்தாலும் கூடாது என்று அடுத்த பக்கத்தில் இருக்கும். ஒரு முடிவை எடுத்துவிட்டு, அடுப்பை அணைத்த பிறகும் அது சரியோ என்று நின்று யோசிக்கிற ஆள் நான். அப்பா அப்படியில்லை. ‘செய்து பாப்பம்’ என்பதுதான் அவருடைய முழுச் சமையல் படிப்பும்.

போன ஞாயிற்றுக்கிழமை அவர்கள் இரண்டு பேரும் பஸ்ஸில் வந்திருந்தார்கள். என் கரண்ட் ஓவனில் அந்தக் கிழங்கைச் செய்தேன். இப்போது கடைகளில் எல்லாம் கிடைக்கிறது. ஒலிவ் எண்ணெய் பெரிய போத்தலில் வருகிறது, றீகனியும் சின்னப் பைக்கற்றில் வருகிறது. நான் கற்பூரவள்ளிதான் போட்டேன். மகளை நினைத்து உப்பைப் பாதியாகக் குறைத்தேன். குறைத்தது பிழையோ என்று மூன்றுதரம் ஓவன் கதவைத் திறந்து பார்த்தேன். அப்பா ஒரு துண்டை வாயில் போட்டார். மென்றார். எனக்கு ஒன்பது வயதில் அவர் என் வாயைப் பார்த்ததைப்போல நான் அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நல்லாயிருக்கு” என்றார்.

அந்த ‘நல்லாயிருக்கு’ எனக்குப் பழக்கமானது. விழுங்குவதற்குள் முடிவெடுத்துச் சொல்லப்படுவது.

“உண்மையாவோ அப்பா?”

“நான் ஏன் பிள்ளை உனக்குப் பொய் சொல்லப்போறன்?”

“நான் உங்களுக்குச் சொன்னனானே” என்று என் வாய் சொல்லிவிட்டது. இருபத்திரண்டு வருடம் அடக்கி வைத்திருந்தது, ஒரு கிழங்குத் துண்டுக்கு வெளியே வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். கிணற்றடியில் கேட்டது, பேக்கரிக்காரர் வடித்தது, புழுதி, ‘ஓம், கடைசியா’ என்றது. நீங்கள் போகக்கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன் என்றேன். அவர் மனம் நொந்துவிடுவாரோ, சொல்லாமல் விட்டிருக்கலாமோ என்று அப்போதே யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

அப்பா எடுத்த அடுத்த துண்டைத் திரும்பத் தட்டில் வைத்தார். பிறகு கதிரையில் நிமிர்ந்தார்.

“அப்ப அந்த மூண்டாந்தரத்துக் கிழங்கு நல்லாயில்லையோ?”

“இல்லை அப்பா.”

“கொஞ்சமும்?”

“கொஞ்சமும் இல்லை. வாய்க்குள்ளை மாக்கட்டி மாதிரி.”

“நான் அதைக் கப்பலிலை எத்தினை பேருக்குச் சொல்லியிருப்பன்! என்ரை மகள் மூண்டாந்தரத்திலையே பாஸ் பண்ணினவள் எண்டு!” அவர் முகத்தில் இருந்தது மனநோவு இல்லை. ஒரு சமையற்காரரின் ரோசம். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு அம்மாவைப் பார்த்தேன். அம்மா சீலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது.

“நீ என்ன சிரிக்கிறாய்? உனக்கும் தந்தனான்தானே. நல்லாத்தான் கிடக்கெண்டு நீயும் சொன்னனீ.”

“ஓம், சொன்னனான்தான்.” அம்மா சீலைத்தலைப்பை எடுத்தார். சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது. குரலில் மட்டும் இல்லை. “இவளுக்கு மட்டுமே நீங்கள் போறது விருப்பமில்லாமல் இருந்தது?”

எனக்கு அது இத்தனை வருடத்தில் ஒருநாளும் தோன்றவில்லை. அம்மாவுக்கு அன்று அலுப்பு, அதனால்தான் ஏதோ சொல்லிவைத்தார் என்றே நினைத்திருந்தேன். ஒரே தட்டுக்கு முன்னால் இருந்து, ஒருவரையொருவர் பார்க்காமல், நாங்கள் இரண்டு பேரும் ஒரே பொய்யைச் சொல்லியிருக்கிறோம். அப்பா என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார். பிறகு தட்டை மேசையில் தன்பக்கம் இழுத்தார்.

“இனி இந்த வீட்டிலை ஆரின்ரை சொல்லையும் நம்பேலாது” என்றார். ஒரு துண்டைப் பிய்த்து, ஊதி ஆற்றி, என் மகளின் வாயில் வைத்தார். “அம்மப்பாவுக்கு நீ சொல்லு குஞ்சு. எப்பிடிக் கிடக்கு?”

அவள் கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். நாங்கள் மூன்று பேரும் காத்திருந்தோம்.

“உப்புக் காணாது” என்றாள்.

அப்பா முழங்காலில் கையை ஊன்றி எழும்பி, உப்புப் போத்தலை எடுக்கக் குசினிக்குள் போனார். நான் தடுக்கவில்லை.